மடுல்சீமைக்கு எண்ண வந்தவர்

பதுளைக்கு வந்து சேர்வதற்குள் நாற்பத்து மூன்று சுரங்கங்களைக் கடந்தோம் என்பது என் கணக்கு. எதிரே உட்கார்ந்திருந்த மூக்குக்கண்ணாடிக்காரர் நாற்பத்தாறு என்றார். "நடுவில் மூன்று முறை கண்ணயர்ந்தீர்களே" என்றும் சேர்த்துச் சொன்னார். முப்பத்தொரு வருடம் ரயில்வேயில் குப்பை கொட்டியவன் நான். அதில் பதினாறு வருடம் ஸ்டேஷன் மாஸ்டர். ஓடுகிற ரயிலில் தூங்குகிற வழக்கம் எனக்குக் கிடையாது. ஆனாலும் அடுத்த நாடான இலங்கைக்கு வந்த இடத்தில் வாயைக் கொடுக்க வேண்டாம் என்று பேசாமல் இருந்துவிட்டேன். அந்த மூன்று மட்டும் மனதை அரித்துக்கொண்டே இருந்தது.

நான் ஊர் பார்க்க வரவில்லை. என் இளைய மகன் வேலாயுதத்தைக் கையோடு கூட்டிப்போக வந்தேன். அவன் இராணுவத்தில் மருத்துவப் பிரிவில் ஆறு வருடம் இருந்தான். கட்டுப் போடுவது, ஊசி குத்துவது, காய்ச்சல் பார்ப்பது அவன் வேலை. வடக்கே பனிப் பிரதேசத்தில் இருந்தபோது இழுப்பு வந்தது. இரண்டு ஆஸ்பத்திரிகளில் ஐந்து மாதம் வைத்துப் பார்த்தார்கள். அது விடுகிற நோயில்லை என்று தெரிந்ததும், "படைச் சேவைக்குத் தகுதியற்றவர்" என்று ஒரு தாளில் எழுதி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அப்போது அவனுக்கு வயது இருபத்தேழு.

வீட்டில் நாலு மாதம் இருந்தான். யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒரு நாள், பதுளையில் கடை வைத்திருக்கும் மாமனிடம் போகிறேன் என்று கிளம்பிவிட்டான். பிறகு கடையிலும் இல்லை, மடுல்சீமைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் இருக்கிறான் என்று தெரிந்தது. ஒன்றரை வருடத்தில் ஐந்து கடிதம் போட்டான். ஐந்தையும் சேர்த்தால் அறுபத்திரண்டு வரி.

நான் சும்மா இருக்கவில்லை. மேலிடத்துக்குப் பதினோரு மனு எழுதினேன். பதினோராவதற்குப் பதில் வந்தது. மருத்துவர் குழு முன் மறுபடி வந்து நிற்கலாம், தேறினால் திரும்பச் சேர்ப்பதைப் பரிசீலிப்போம் என்று. அந்தக் கடிதத்தை உள்பையில் வைத்து, பையின் வாயில் இரண்டு ஊக்குகள் குத்தியிருந்தேன். குழு கூடுவதற்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. சென்னைக்குப் போய்ச் சேர நாலு நாள் வேண்டும். மனுக்களைப் பற்றி மகனுக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. நேரில் நீட்டி அவன் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று ஆசை.

மைத்துனன் சொக்கலிங்கத்தின் கடை பதுளைக் கடைவீதியில் இருக்கிறது. காலையில் பக்கத்துக் கடையிலிருந்து ஆப்பமும் கட்டச் சம்பலும் தருவித்தான். நம் ஊர் ஆப்பம் கொஞ்சம் கனம். இது ஓரத்தில் காகிதம், நடுவில் பஞ்சு. சம்பலின் காரத்தில் காது அடைத்தது. ஆறு சாப்பிட்டேன்.

"அத்தான், வேலு வருவான்னு நெனக்கிறீங்களா?" என்று கேட்டான் சொக்கலிங்கம்.

"ஏன் வராமல்? இராணுவம் கூப்பிடுகிறது."

அவன் ஏழாவது ஆப்பத்தை என் இலையில் வைத்தான். அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை, கேட்டு வாங்காததால்.

மறுநாள் மடுல்சீமை பஸ். இருபத்தெட்டுப் பேர் உட்காரக்கூடிய வண்டியில் நாற்பத்தேழு பேரும் மூன்று கோழிகளும் இருந்தோம். பசறையைத் தாண்டி ஒரு ஏற்றத்தில் வண்டி திணறி நின்றது. கண்டக்டர் குதித்து, பின் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தான். பிறகு சிங்களத்தில் சத்தமாக ஏதோ சொன்னான். எல்லாரும் சிரித்துக்கொண்டே இறங்கினார்கள்.

"என்ன சொல்கிறான்?" என்று பக்கத்திலிருந்தவரைக் கேட்டேன்.

"பஸ்ஸுக்கு மூச்சு வாங்குதாம். நாம எறங்கிக் கொஞ்சம் நடந்து குடுத்தா அது பாட்டுக்கு ஏறிடுமாம். பெரியவரும் எறங்கணுமாம்."

அறுபத்து மூன்று வயதில் பஸ்ஸுக்குக் கூலி கொடுத்து நடந்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன் என்று முணுமுணுத்துக்கொண்டே நடந்தேன். ஆனால் பஸ் ஏறிவிட்டது. மேலே காத்திருந்து எங்களை ஏற்றிக்கொண்டும் போனது. கடைசி இரண்டு மைல் மறுபடியும் நடை; அதற்குக் காரணம் பஸ் அல்ல, பாதை இல்லாததுதான். தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது இடது காலில் நாலு அட்டை, வலது காலில் ஏழு.

வேலாயுதம் டிஸ்பென்சரி வாசலில் நின்றான். காக்கிக் கால்சட்டை, வெள்ளைச் சட்டை. கொஞ்சம் சதை பிடித்திருந்தது. நான் முதலில் செய்த காரியத்தை மறைக்கவில்லை. அவன் நெஞ்சைப் பார்த்துக்கொண்டே கடிகாரத்தையும் பார்த்தேன். மூச்சு நிமிடத்துக்குப் பதினெட்டு.

"எவ்வளவுப்பா?" என்றான்.

"எது?"

"ஒண்ணுமில்ல. வாங்க, கால நீட்டுங்க, உப்பு வைக்கிறேன்."

டிஸ்பென்சர் கந்தையா யாழ்ப்பாணத்துக்காரர். ஒல்லியான மனிதர், வாய் மட்டும் பெரியது. "வாங்கோ, வாங்கோ! உங்கட மகன் வந்தாப்பிறகுதான் எனக்குப் பகல்ல கதிரையில இருக்க நேரம் கிடைக்குது. நான் அடுத்த வருசம் பென்சன். இந்தப் பெடியனை என்ர இடத்தில வைக்கச் சொல்லித் தோட்டத்துத் துரைக்கு எழுதியிருக்கிறன். நீங்கள் குழப்பிப் போடாதேங்கோ."

உள்பையை ஒரு முறை தொட்டுப் பார்த்துக்கொண்டேன். பாவம், அவருக்குத் தெரியாது. நல்ல நேரம் பார்த்து மகனிடம் நீட்டலாம் என்று இருந்தேன்.

மூன்றாம் நாள் விடிகிற நேரம். தோட்டத்தில் வேலை பங்கிடுவதற்கு எல்லாரும் கூடுவதைப் பெரட்டு என்கிறார்கள். தப்புச் சத்தம் கேட்டதும் லயங்கள் என்கிற வரிசை வீடுகளிலிருந்து கம்பளி போர்த்தியபடி வந்து நின்றார்கள். கணக்கப்பிள்ளை பேர் கூப்பிட்டார். நடுநடுவே சிலர் ஒரு துண்டுச் சீட்டை நீட்டினார்கள். வேலாயுதம் எழுதிக் கொடுத்த சீட்டு அது.

கந்தையா விளக்கினார். "முந்தி இந்தத் துண்டில இரண்டு சொல்லுத்தான். வேலைக்கு ஏலும், ஏலாது. ஏலாது எண்டால் அண்டைக்குப் பேர் இல்லை, கூலியும் இல்லை. அதுக்குப் பயந்து காய்ச்சலோடையும் மலைக்கு ஏறுவினம். உங்கட மகன் வந்து முதல் கிழமையே 'ஏலாது' எண்ட சொல்லை வெட்டிப்போட்டான். என்ன ஏலும் எண்டு மட்டும்தான் எழுதுவன் எண்டான். துரை முதல்ல கத்தினவர். ஒரு மாதம் பாத்திட்டு, சரி எண்டிட்டார்."

ஒரு சீட்டை வாங்கிப் பார்த்தேன். "இடுப்பு வலி. கூடை சுமக்க வேண்டாம். உட்கார்ந்து சாக்குத் தைக்கலாம்." இன்னொன்றில், "ஏழு மாதக் கர்ப்பம். நாற்றுக்குத் தண்ணீர் ஊற்றலாம்." சின்ன வயதில் அடித்து எழுத வைத்தும் வராத கையெழுத்து, இப்போது மணி மணியாக இருந்தது.

நான் ஓரமாக நின்று பெண்கள் நூற்றுப் பன்னிரண்டு, ஆண்கள் ஐம்பத்தெட்டு என்று நோட்டில் குறித்துக்கொண்டேன். பிறகு லயங்களைச் சுற்றி வந்தேன். ஏழு லயம், எண்பத்து நாலு கதவு. வேலைக்குப் போகாமல் இருந்தவர்களிடம் பேச்சுக் கொடுத்தேன். அவர்கள் பேசுகிற தமிழ் அப்படியே எங்கள் பக்கத்துத் தமிழாக இருந்ததில் எனக்குச் சந்தோஷம்.

கால் வளைந்த பெரியவர் ஒருவரிடம், "நீங்கள் மேலூர்ப் பக்கமா? தகப்பனார் எந்த ஊரில் பிறந்தார்?" என்று கேட்டேன்.

அவர் என் நோட்டைப் பார்த்தார். "இந்தத் தோட்டத்துலதாங்க."

"தாத்தா?"

"அவரும் இங்கதாங்க."

"அவருடைய அப்பா?"

"எல்லாரும் இங்கதாங்க. பத்தாம் நம்பர் மலையிலதான் பொறந்தாங்க."

வாயைத் திறந்தால் மேலூர். பிறந்தது பத்தாம் நம்பர் மலை. அடுத்த கதவிலும் அதே பதில். பதினாலு வீட்டில் கேட்டேன். பதினாலு வீட்டிலும் மூன்று தலைமுறை இந்தத் தோட்டத்திலேயே பிறந்திருந்தது. ஒரு வீட்டில் சாயத் தண்ணியும் உள்ளங்கையில் ஒரு துண்டுக் கருப்பட்டியும் கொடுத்தார்கள். தேயிலைக்கு நடுவில் வாழ்கிறவர்கள் குடிக்கிற தேநீரில் பால் இல்லை, தூளும் குப்பைத்தூள். கருப்பட்டியை நக்கி நக்கிக் குடித்தால் நன்றாகத்தான் இருந்தது. கொடுத்தவள் நான் குடித்து முடிப்பதற்குள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெட்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

நாலாம் நாள் டிஸ்பென்சரிக்கு இரண்டே பேர் வந்தார்கள். ஒருவர் கந்தையாவின் சமையற்காரர். தினமும் இருபத்தைந்து முப்பது பேர் வருகிற இடம். காலைப் பெரட்டில் ஒரு சீட்டுகூட இல்லை. "ஒரே ராவில எல்லாருக்கும் சுகம் வந்திட்டுதோ?" என்றார் கந்தையா. வேலாயுதம் சிரிக்கவில்லை. வாசலுக்கும் மருந்து மேசைக்குமாக நடந்துகொண்டிருந்தான்.

பத்து மணிக்குமேல் மேலேயிருந்து கூப்பாடு கேட்டது. எட்டாம் நம்பர் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த செல்லாயி என்கிற பெண் சரிந்து விழுந்துவிட்டாளாம்.

வேலாயுதம் ஓடவில்லை. விசில் ஊதினான். சாக்குக் கட்டிய இரண்டு மூங்கிலைத் தூக்கிக்கொண்டு இரண்டு ஆட்கள் பறந்தார்கள். அவன் மருந்துப் பெட்டியுடன் வளைந்து வளைந்து ஏறினான். நானும் பின்னாலேயே போனேன். மூன்றாம் திருப்பத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்து, கைகளை முழங்காலில் ஊன்றிக் குனிந்துகொண்டான். நெஞ்சில் அந்தப் பழைய சீட்டிச் சத்தம். என் வாய் தானாக எண்ண ஆரம்பித்தது. முப்பது. அவன் பையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொண்டான். என்னைப் பார்க்கவே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, அவசரப்படாமல் மறுபடி ஏறினான். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, ஓடிப்போனவர்கள் அவளை நிழலில் கிடத்தி முகத்தில் தண்ணீர் தெளித்திருந்தார்கள். அவர்களை அப்படிச் செய்யப் பழக்கியவன் அவன்தான்.

நேற்றிலிருந்தே காய்ச்சல். உடம்பு கொதித்தது. "ஏன்க்கா இவளை எங்கிட்ட அனுப்பல?" என்று செல்லாயியின் அம்மாவிடம் கேட்டான். அவள் பேர் ராக்கம்மாள். கொழுந்துக் கூடையைக் கீழே வைத்துவிட்டு, இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"எப்புடி அனுப்புவேன் தம்பி? வந்தா பேரச் சொல்லணும். நீ எழுதுவ. ஒங்க அய்யா அத அந்தப் பொஸ்தகத்துல ஏத்திக்கிட்டுப் போயி, கப்பலுக்கு ஆள் கணக்குக் குடுப்பாரு."

"எந்த ஐயா?"

"இந்தா, பொஸ்தகத்தக் கக்கத்துல வச்சுக்கிட்டு நிக்கிறாரே, எண்ண வந்த ஐயா! மகன முன்னாடி அனுப்பி மருந்து குடுக்குறது, அப்பன் பின்னாடி வந்து ஆள் எண்ணுறது. நல்ல ஏற்பாடுதான்."

வேலாயுதம் என் பக்கம் திரும்பினான். "அப்பா, இவங்ககிட்ட என்ன கேட்டீங்க?"

"எந்த ஊர் என்று கேட்டேன். தகப்பனார் எங்கே பிறந்தார், தாத்தா எங்கே பிறந்தார் என்று…"

அவன் நெற்றியில் அடித்துக்கொண்டான்.

பிறகுதான் எனக்கு விளங்கியது. குடியுரிமைச் சட்டம் வந்து ஐந்தாறு வருடம் ஆகியும் இந்த மலைகளில் அந்தப் பயம் அடங்கவில்லை. அப்பனும் பாட்டனும் இந்த நாட்டில் பிறந்ததைத் தாளில் காட்ட முடியாதவர்கள் அந்நியர்கள், இந்தியாவுக்குக் கப்பலேற வேண்டியவர்கள். அதை விசாரிக்க வருகிற அதிகாரிகள் கேட்கிற கேள்விகளையே, அதே வரிசையில், கறுப்புக் கோட்டும் குடையும் நோட்டுமாக வந்து நானும் கேட்டிருக்கிறேன். ஊர்ப்பாசத்தில் நான் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு குடும்பம் மூட்டை கட்ட வேண்டுமோ என்று நடுங்கியிருக்கிறது.

"நான் அதிகாரி இல்லை அம்மா. ரிட்டையரான ஸ்டேஷன் மாஸ்டர்" என்றேன்.

"அப்பறம் எதுக்குங்க பொஸ்தகம்? சாயங்காலம் கொழுந்து நிறுத்தப்பறம் பெரட்டுக் களத்துல எல்லாருக்கும் முன்னாடி படிச்சுக் காட்டுங்க. அதுக்கப்பறம் நம்புறோம்."

அன்று மாலை படித்தேன். முப்பத்தொரு வருட வேலையில் எந்த மேலதிகாரியும் என்னை இப்படி நிற்க வைத்ததில்லை.

"சுரங்கம் நாற்பத்து மூன்று. தகராறு உண்டு. ஆப்பம் ஆறு. சம்பல் கேட்டு வாங்கியது இரண்டு முறை. பஸ்ஸில் ஆட்கள் நாற்பத்தேழு, கோழி மூன்று."

"கோழி எந்த ஊருல பொறந்துச்சுன்னு கேக்கலீங்களா?" என்று பின்னாலிருந்து ஒருவன் கேட்டான். சிரிப்பு கிளம்பியது.

"அட்டை, இடது கால் நாலு, வலது கால் ஏழு. பெரட்டில் கணக்கப்பிள்ளை கொட்டாவி விட்டது ஒன்பது."

களமே அதிர்ந்தது. கணக்கப்பிள்ளை தொப்பியைக் கழற்றி முகத்தை மறைத்துக்கொண்டார்.

"பெண்கள் நூற்றுப் பன்னிரண்டு, ஆண்கள் ஐம்பத்தெட்டு. லயம் ஏழு, கதவு எண்பத்து நாலு."

சிரிப்பு நின்றது. ராக்கம்மாள் கேட்டாள். "அது எதுக்குங்க?"

"எதற்கும் இல்லை அம்மா. எங்கே போனாலும் எண்ணுவேன். பழக்கம்." அந்தத் தாளைக் கிழித்து அவள் கையில் கொடுத்தேன். மடித்து மடிக்குள் செருகிக்கொண்டாள்.

"அவ்வளவுதானா? அடுத்த தாளையும் படிங்க."

அடுத்த தாளைப் படிக்க எனக்கு மனமில்லை. ஆனால் நூற்றெழுபது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வேலு மூச்சு. வந்த அன்று பதினெட்டு. பெரட்டில் பதினெட்டு. சாப்பிடும்போது பதினேழு. மலையில் முப்பது. இறங்கிய பிறகு இருபது."

யாரும் சிரிக்கவில்லை. வேலாயுதம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"அட பாவி மனுசா" என்றாள் ராக்கம்மாள். குரலில் கோபம் இல்லை. "பெத்த புள்ளையோட மூச்சையா எண்ணிக்கிட்டுத் திரியுறீங்க?"

அன்று இருட்டுவதற்குள் இரண்டு ஊக்கையும் கழற்றிக் கடிதத்தை அவனிடம் கொடுத்தேன். இனியும் தள்ளிக்கொண்டே போனால் கப்பல் கிடைக்காது. அவன் இரண்டு முறை படித்தான். நான் எதிர்பார்த்து வந்த முகம் அதில் தோன்றவில்லை.

"எத்தனை மனு எழுதினீங்கப்பா?"

"பதினொன்று."

"போனா தேறிடலாம்பா. கொஞ்ச நேரம் மூச்ச அடக்கிக்கிட்டு நின்னா போதும். அதுதான் உங்ககிட்ட நல்லாப் பழகியிருக்கேனே."

"என்னிடமா?"

"வீட்ல நாலு மாசம் கதவுக்கு வெளிய நின்னு எண்ணுவீங்க. எனக்குக் கேக்கும். ஏறிப்போச்சுன்னா அம்மாகிட்டப் போய்ச் சொல்லுவீங்க, அம்மா அழும். அதனால நீங்க நகர்ற வரைக்கும் மூச்ச அடக்கிக்கிட்டுப் படுத்திருப்பேன். அதுலயே இழுப்பு கூடிப்போகும்."

தட்டிலிருந்த ரொட்டியைப் பிய்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆனாலும் சண்டை போடாமல் விடவில்லை. இராணுவம் என்றால் கௌரவம் என்றேன். இந்த மலையின் ஈரம் ஆகாது என்றேன். கடல் கடந்து கிடக்கிறாய் என்றேன்.

"அங்க குளிர் வந்ததும் மறுபடி அனுப்பிடுவாங்கப்பா. அவங்க மேல தப்பில்ல. பட்டாளத்துல எல்லாரும் ஓடணும். இங்க ஓடுறதுக்கு ஆள் இருக்கு, நான் நடந்து போனாப் போதும். கந்தையா ஐயா டிஸ்பென்சர் பரீட்சை எழுதச் சொல்றாரு. எழுதப் போறேன்."

அவன் கடிதத்தை முன்பிருந்த மடிப்பிலேயே மடித்து என்னிடம் தந்தான். நான் கோபத்தோடு அதை உள்பைக்குள் திணித்தேன்.

மறுநாள் காலை டிஸ்பென்சரி வாசலிலிருந்து மாட்டுத்தொழுவம் வரை வரிசை நின்றது. நாற்பத்தொரு பேர். ஒவ்வொருவரிடமும் அவன் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "என்ன செய்ய முடியும்?" முதலில் முடியாததைச் சொல்லிப் புலம்பினார்கள். அவன் காத்திருந்தான். பிறகு முடிந்ததைச் சொன்னார்கள். செல்லாயிக்கு, "மூன்று நாள் படுக்கை. அப்புறம் ஒரு வாரம் புள்ளக்காம்பராவில் பிள்ளைகளைப் பார்க்கலாம்" என்று எழுதினான். நான் ஒரு மணி நேரம் அங்கே உட்கார்ந்திருந்தேன். கடிகாரத்தைக் கையிலிருந்து கழற்றிக் கோட்டுப் பையில் போட்டிருந்தேன்.

கிளம்பும்போது ராக்கம்மாள் ஒரு பொட்டலம் தேயிலை கொண்டுவந்தாள். "நல்ல தூளுங்க. அடுத்த வாட்டி வாரப்ப எங்க வீட்டு ஆட்டையெல்லாம் எண்ணலாம். அதுக எங்க பொறந்துச்சுன்னு நானே சொல்றேன்." பஸ் நிற்கிற இடம் வரை இரண்டு மைலும் வேலாயுதம் கூட வந்தான், வழியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து. நானும் உட்கார்ந்தேன். பஸ் நகரும்போது ஜன்னல் வழியாக ஒரு மடித்த தாளை என் கையில் வைத்தான்.

பதுளையில் தபாலாபீசுக்குப் போய் மேலிடத்துக்குப் பன்னிரண்டாவது கடிதத்தை எழுதினேன். முந்தைய பதினொன்றில் ஒவ்வொன்றும் மூன்று பக்கத்துக்குக் குறையாதது. இது ஒரே வரி: "என் மகன் வேலையில் இருப்பதால் வர இயலாது." எழுதி முடித்துவிட்டு ஒரு முறை படித்தேன். திருத்த ஒன்றும் இல்லை.

ரயில் கிளம்பிய பிறகுதான் அவன் கொடுத்த தாளைப் பிரித்தேன். டிஸ்பென்சரிச் சீட்டு. அதே மணி மணியான எழுத்து.

"பெயர்: அப்பா. வயது: அறுபத்து மூன்று. நோய்: முழங்கால் வலி, கவலை. மலை ஏற வேண்டாம். சமதரையில் நடக்கலாம். ஆப்பம் சாப்பிடலாம். எதை வேண்டுமானாலும் எண்ணலாம், மூச்சைத் தவிர."

வண்டி முதல் சுரங்கத்துக்குள் நுழைந்தது. ஒன்று என்றேன். இந்த முறை கண்ணயரக் கூடாது.